ரயில் அட்டவணையில் இங்கிலீஷ்

"ஐ ஆம் கோயிங் டு தி டோர். ஐ ஆம் ஓப்பனிங் தி டோர். ஐ ஹேவ் ஓப்பன்ட் தி டோர்."

ஆறாம் வகுப்பில் எங்கள் சார் இதைச் சொல்லிக்கொண்டே நடந்து போய்க் கதவைத் திறப்பார். நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம். இதற்கு ஸ்ட்ரக்சுரல் முறை என்று பெயர் என்பதே பி.எட். படிக்கும்போதுதான் தெரிந்தது. அப்பா காலத்தில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான். எங்களுக்கு வாக்கியம் நாக்கில் படிந்தது, மறுக்கவில்லை. ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வரவில்லை.

இந்தக் குறையை நேராக எடுத்துக்கொண்டவர், இங்கிலீஷ் கற்பித்தலில் நிபுணரான என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை நடந்த அவருடைய பெங்களூர் திட்டத்தில் இலக்கணத்தை வரிசை போட்டு நடத்தவில்லை. ரயில் அட்டவணை, வரைபடம் என்று எதையாவது கொடுத்து ஒரு புதிரைப் போடுவார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார், அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்யவேண்டும். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி போகிற போக்கில் உள்ளே இறங்கும். இன்று உலகமெங்கும் 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று பேசுகிறார்களே, அதன் முன்னோடி இதுதான். சென்னையிலும் கடலூரிலும்கூட இந்த வகுப்புகள் நடந்திருக்கின்றன. கடலூர் என்று படித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பிறகு என்ன ஆனது? பத்தாம் வகுப்புத் தேர்வில் 'ரோடு மேப்' கேள்வி வந்தது. படத்தைப் பார்த்து வழி சொல்லவேண்டும். நல்ல கேள்வி. அதற்கும் கைடில் விடை வந்துவிட்டது. படத்தில் வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் "டர்ன் லெஃப்ட்" என்று மனப்பாடமாக எழுதிய விடைத்தாள்களை நானே திருத்தியிருக்கிறேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஊர் பஸ் நேரங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பத்து மணிக்குள் ஆஸ்பத்திரி போகவேண்டும், எந்த பஸ்? கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், திஸ் பஸ் நோ, லேட்" என்றாள். "ஆமாம்மா, இட் வில் பி லேட்" என்றேன். அடுத்த புதிரில் யாரும் கேட்காமலே, "இட் வில் பி லேட், சார்" என்றாள். இதற்கு எந்தத் தேர்விலும் மார்க் கிடையாது. பொதுத்தேர்வில் பேசுவதற்குப் பத்து மார்க்காவது வையுங்கள் என்று ஒவ்வொரு பயிற்சிக் கூட்டத்திலும் கேட்டுவருகிறேன், இனியும் கேட்பேன்.