நெஞ்சில் ஊன்றிய மட்டையும் பாதியில் நின்ற விதியும்

கோல்ஃப் பார்ப்பவர்கள் நடுவே சில சண்டைகள் ஓய்வதே இல்லை. பட்டிங் மட்டையை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டையை, உடம்பில் ஊன்றி அடிக்கலாமா கூடாதா என்பது அதில் ஒன்று. தடை அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 1. வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் யாராவது நீள மட்டையோடு ஒரு போட்டியை ஜெயித்தால் போதும், பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடை சரிதான். ஆனால் அதைப் போட்டவர்கள் பாதி வேலையைத்தான் செய்தார்கள்.

விளையாட்டைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சாதாரண பட்டிங் மட்டை 33 முதல் 35 அங்குலம் இருக்கும். வயிற்றில் ஊன்றுகிற வகை 40 அங்குலத்தைத் தாண்டும். நெஞ்சுவரை வருகிற வகை 50 அங்குலத்தைத் தொடும். இந்த நீள மட்டையின் மேல் நுனியை இடது கையால் பிடித்து நெஞ்செலும்போடு சேர்த்து அழுத்திக்கொள்வார்கள். வலது கை ரொம்பக் கீழே, விரல்களால் லேசாகப் பற்றியிருக்கும். மேல் நுனி நகராது. கீழ்ப்பகுதி மட்டும் போய்வரும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை.

அந்த மணிக்கட்டுதான் விஷயமே. 300 கெஜம் அநாயாசமாக அடிக்கிற ஆட்டக்காரர் மூன்றடி தூரத்துப் பந்தை முன்னால் வைத்துக்கொண்டு திணறுவார். கை தன் இஷ்டத்துக்கு வெட்டி இழுக்கும். இதற்கு 'யிப்ஸ்' என்று பெயர். பெர்ன்ஹார்ட் லாங்கர் போன்ற பெரிய ஆட்டக்காரரையே அது படாதபாடு படுத்தியிருக்கிறது. மட்டையின் ஒரு முனையை உடம்போடு கட்டிப்போட்டுவிட்டால் அந்த நடுக்கம் பந்துவரை போய்ச் சேருவது குறையும்.

தடையை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் அன்றைய தலைவர் டிம் ஃபின்செம், தொழில்முறை கோல்ஃபர்களின் சங்கமான பிஜிஏ ஆஃப் அமெரிக்காவின் அன்றைய தலைவர் டெட் பிஷப் இருவருமே வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஊன்றி அடிப்பவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் போடுகிறார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். விதியை வகுத்த அமைப்புகளான யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ இரண்டுமே இது புள்ளிவிவரத்தை வைத்து எடுத்த முடிவு இல்லை என்று சொல்லிவிட்டன. அந்த வாதத்தில் எதிர்த்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? ஒரு ஆட்டத்தில் எதையெல்லாம் நீயே செய்தாக வேண்டும் என்பது கணக்குப் போட்டு வருகிற முடிவு இல்லை. மட்டையைக் கையில் பிடித்துச் சுதந்திரமாக வீசுவதுதான் கோல்ஃப் என்றால், கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் சேர்த்துத்தான் ஆட வேண்டும். பழைய காலத்துப் பெரிய ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தை வைத்து, குரோக்கே ஆடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தார். 1968இல் அதைத் தடை செய்தார்கள். அவர் பேசாமல் பக்கவாட்டில் நின்று அடிக்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் தருவது தடை வந்த நேரம். ஆர்வில் மூடி 1989இலேயே நீள மட்டையோடு யுஎஸ் சீனியர் ஓபனை ஜெயித்தார். அப்போது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வயசானவர், கை நடுங்குகிறது, பாவம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் 2011இல் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றி பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயித்தார். ஊன்றி அடித்து மேஜர், அதாவது நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை, ஜெயித்த முதல் ஆள் அவர்தான். 2012இல் வெப் சிம்ப்சன் யுஎஸ் ஓபனை, எர்னி எல்ஸ் பிரிட்டிஷ் ஓபனை எடுத்தார்கள். முன்பு 2 முதல் 4 சதவீதம் ஆட்டக்காரர்கள் பயன்படுத்திய முறை, டூரில் 2011இல் 11 சதவீதத்துக்கும் 2012இல் 15 சதவீதத்துக்கும் ஏறியது. அந்த நவம்பரிலேயே தடை யோசனை வந்துவிட்டது. 2013 மாஸ்டர்ஸை ஆடம் ஸ்காட் நீள மட்டையோடு ஜெயித்தார். அதே மாஸ்டர்ஸில் 14 வயசு குவான் தியான்லாங் வயிற்றில் ஊன்றி ஆடினான். கை நடுங்கி அந்த மட்டைக்கு வந்த பையன் இல்லை அவன். பெரியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் அடி வாங்கியது ஆட்டக்காரர்கள். யோசனை வெளிவந்த அதே வாரத்தில், விதி இன்னும் மாறாத நிலையில், ஒரு போட்டியில் பார்வையாளர் ஒருவர் பிராட்லியைப் பார்த்து 'ஏமாற்றுக்காரன்' என்று கத்தினார். அவர் செய்ததில் அன்றைக்கு ஒரு விதிமீறலும் இல்லை. டிம் கிளார்க் கதை இன்னும் சங்கடமானது. பிறவியிலேயே முன்கைகளைச் சரியாகத் திருப்ப முடியாதவர், நீள மட்டையோடு 2010 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். தடையை ஆதரிக்கிற நான் அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்த மாதிரி உடல் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தால் கோல்ஃப் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

சரி, பாதி வேலை என்றேனே. இப்போதைய விதி 10.1பி, மட்டையையோ பிடித்திருக்கும் கையையோ உடம்பில் ஊன்றக் கூடாது என்கிறது. முன்கையை உடம்போடு ஒட்டி, பிடித்திருக்கும் கையை ஒரு நிலையான புள்ளியாக்குவதும் கூடாது. ஆனால் மட்டையின் பிடியை முன்கையோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளலாம்! 'ஆர்ம் லாக்' என்கிற முறை இதுதான். வெப் சிம்ப்சன் இதற்கு மாறி 2018 பிளேயர்ஸ் ஜெயித்தார். பிரைசன் டிஷாம்போ 2020 யுஎஸ் ஓபன் ஜெயித்தார். மணிக்கட்டைச் செயலிழக்க வைப்பதுதான் தப்பு என்றால், முன்கை மட்டும் என்ன புண்ணியம் செய்தது? வயிறு உடம்பு, முன்கை உடம்பு இல்லையா?

அடுத்தது நோக்கம். வேண்டுமென்றே ஊன்றினால்தான் குற்றம். அப்படி ஊன்றினால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. சட்டையில் மட்டை உரசினால் பரவாயில்லை. லாங்கர் தடைக்குப் பிறகும் அதே நீள மட்டையை நெஞ்சிலிருந்து நூலளவு தள்ளிப் பிடித்து அடித்தார். 2017இல் அவர்மீதும் ஸ்காட் மெக்காரன்மீதும் சந்தேகம் கிளம்பி, தவறில்லை என்று யுஎஸ்ஜிஏ விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் நேர்மையானவர்கள் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் தொலைக்காட்சியில் பக்கவாட்டிலிருந்து காட்டும்போது கைக்கும் சட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைக்கிற விதி என்ன விதி? ஆட்டக்காரரின் மனசுக்குள் இருப்பதைக் குற்றத்துக்கு அளவுகோலாக்கினால் சந்தேகப்படுகிறவன் வாயை அடைக்கவே முடியாது.

மட்டையின் நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் மற்ற மட்டைகளுக்கு 46 அங்குலம் என்று வரம்பு வைக்க முடிந்ததே. பட்டிங் மட்டைக்கு மட்டும் விலக்கு. அதற்கு ஒரு 38 அங்குலம் என்று வைத்து, ஆர்ம் லாக்கையும் சேர்த்து நிறுத்துங்கள். யாருடைய மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டாம், ஒரு அளவுநாடா போதும். ஆர்ம் லாக் ரசிகர்கள் திட்டுவதாக இருந்தால் கீழே கருத்துப் பகுதிக்கு வரலாம். முன்கைக்கு ஏன் தனிச் சலுகை என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.