கொட்டேஷனில் பெயர் இல்லாத வரி

காலேஜ் அட்மிஷன் முடிகிற நேரத்திலும் தீபாவளி போனஸ் வருகிற நேரத்திலும் என் வாட்ஸப்பில் கொட்டேஷன் போட்டோக்கள் வந்து குவியும். "மாமா, இது ஓகேவா?" "சார், பையன் வீடியோ எடிட்டிங் பண்ணணும்கிறான், எண்பதாயிரம் சொல்றாங்க, குடுக்கலாமா?" கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவது எனக்குப் பிழைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கொட்டேஷன்கள் எந்தக் கடையிலிருந்து வந்தாலும் ஒரே ஜாடைதான். முதல் வரியில் ப்ராசசர், மாடல் நம்பரின் கடைசி எழுத்து வரை தெளிவாக இருக்கும். அடுத்து கிராபிக்ஸ் கார்டு, அதுவும் முழுப் பெயரோடு. கீழே வர வர எழுத்து சுருங்கும். "ரேம் 16 ஜிபி." "எஸ்எஸ்டி 512." கடைசியில் "எஸ்எம்பிஎஸ் 450 வாட்", "கேபினெட் ஆர்ஜிபி". கம்பெனி பெயர் கிடையாது, மாடலும் கிடையாது. (எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்ட்டை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் பெட்டி. ஆர்ஜிபி என்றால் கலர் விளக்கு.) நான் முதலில் படிப்பது அந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான்.

என் கட்சி இதுதான். நம் ஊரில் டெஸ்க்டாப் வாங்குகிறவர் சுவரில் இருக்கிற ப்ளக் பாயிண்ட்டில் தொடங்கி உள்ளே போக வேண்டும். எர்த், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், கேபினெட், மதர்போர்டு, அப்புறம் மற்றதெல்லாம். ப்ராசசர் கடைசி. இதைச் சொன்னால் பையன்கள் என்னைப் பழைய ரேடியோ ரிப்பேர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கடைக்காரரை நான் திட்ட வரவில்லை. ப்ராசசர் விலை போனில் தட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதில் நூறு இருநூறு கூட வைத்தாலும் கஸ்டமர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடகையும் ஆள் சம்பளமும் எங்கிருந்தாவது வர வேண்டும் இல்லையா? யாரும் கேள்வி கேட்காத வரியிலிருந்து வருகிறது. நாம் கேட்டால் மாற்றிக் கொடுக்கிறார்கள், என் அனுபவத்தில் பெரும்பாலும் முகம் சுளிக்காமலே.

முதலில் எர்த். "கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது, எஸ்எம்பிஎஸ் போயிடுச்சா?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். எஸ்எம்பிஎஸ் மேல் தப்பில்லை. அதற்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து உலோக உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் மானிட்டரோ டிவியோ கம்ப்யூட்டரிலிருந்து வேறு பாயிண்ட்டில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்த வித்தியாசம் முழுக்க அந்தச் சின்ன பின்கள் வழியாகத்தான் ஓடும். போர்ட் போவதற்கு அது போதும்.

பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அதைவிட மோசம், சில எலக்ட்ரீஷியன்கள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு "எர்த் குடுத்தாச்சு சார்" என்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் 230 வோல்ட் முழுசாக கேபினெட் உடம்பில் வந்து நிற்கும். மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கமாகவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டும் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்று நின்றால் சந்தேகப்பட்டு, சுவிட்ச் பாக்ஸைத் திறந்தே பார்க்கச் சொல்லுங்கள். லட்ச ரூபாய் மெஷின் வாங்குகிறவர்கள்கூட இந்தச் செலவுக்கு யோசிக்கிறார்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். பெரிதாக அச்சிட்ட 450 வாட்டை விட்டுவிட்டு, அதில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஒரு காலத்தில் ப்ராசசர் 5 வோல்ட்டிலிருந்தும் 3.3 வோல்ட்டிலிருந்தும் சாப்பிட்டது. பென்டியம் 4 வந்த 2000ஆம் ஆண்டு வாக்கில் 12 வோல்ட்டுக்கு மாறியது. இன்று ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் பசியும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான். மலிவு எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அந்த இடத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். அதுதான் உங்கள் நிஜக் கணக்கு. மிச்சம் 258 வாட் எங்கே என்று கேட்டால், இன்று அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட் லைன்களைக் கூட்டிக் காட்டுவார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். ஐ5 12400 ப்ராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 287 ஆகிறது.

இப்படிப்பட்ட மெஷின் பற்ற வைத்த அன்றே புகையாது. அதுதான் சிக்கல். வேர்டு, எக்செல், யூடியூப் எல்லாம் நன்றாக ஓடும். கேம் போட்டு பத்து நிமிஷத்தில் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். உடனே விண்டோஸை அழித்துப் போடுவார்கள், ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பார்கள், கிராபிக்ஸ் கார்டை வாரண்டிக்கு அனுப்புவார்கள். நான் கொண்டுபோவது ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் மட்டும்தான். மாற்றிப் போட்டு அதே கேமை ஓட்டினால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

"80 ப்ளஸ் போட்டிருக்கே சார்" என்பார்கள். 2004இல் வந்த அந்தச் சான்று, வாங்கும் கரண்ட்டில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்று சொல்வது. அடிப்படைச் சான்றுக்கு 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதம் வர வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா, வோல்டேஜ் எகிறினால் போர்டைக் காப்பாற்றுமா என்பதற்கெல்லாம் அது பதில் சொல்லாது. நான் பார்ப்பது வாரண்டியை. 5 வருஷம், 7 வருஷம் என்று ஒரு கம்பெனி தைரியமாக எழுதிக் கொடுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

யுபிஎஸ் பற்றி ஒரே விஷயம். 600 விஏ என்று விற்கும் சாதாரண யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். சேவ் பண்ணி ஷட்டவுன் செய்ய அது போதும், கேமைத் தொடர வாங்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் மூச்சடக்கி நிற்பது 16, 17 மில்லி செகண்ட்தான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் விழித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

கேபினெட்டில் கண்ணாடி முகப்பு வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு ரிவ்யூக்களில் 20, 22 டிகிரி அறையில் வைத்து டெஸ்ட் பண்ணி, ப்ராசசர் 70 டிகிரி என்பார்கள். மே மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத மாடி அறை 36 டிகிரி இருக்கும். கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. அந்த 15 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் வலை, அதில் காற்றை உள்ளே இழுக்கும் இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று. கலர் கலராக எரிவது உங்கள் இஷ்டம். (எனக்கும் ஒன்று எரிகிறது. மகள் கேட்டாள்.)

போர்டில் ஒரு எச்சரிக்கை. மேல்ரக ப்ராசசரை வாங்கிவிட்டு, பணம் போதாமல் இருப்பதிலேயே மலிவான போர்டில் உட்கார வைக்காதீர்கள். ப்ராசசருக்கு வோல்டேஜ் இறக்கிக் கொடுக்கும் பகுதியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கூட இல்லாமல் மொட்டையாக இருக்கும். சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்த காசும் அதோடு குறையும். ரேம், எஸ்எஸ்டி பற்றிப் பேச இந்தப் பதிவில் இடமில்லை. 16 ஜிபி வாங்கினால் இரண்டு 8 ஆக வாங்குங்கள், அவ்வளவுதான்.

ப்ராசசர் கடைசி என்றேன் இல்லையா, அதில் எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே டிஸ்ப்ளே கிடையாது. "கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்" என்று 12400எஃப் வாங்கி வந்தால் கருப்புத் திரையைத்தான் பார்ப்பீர்கள். ஏஎம்டியில் ரைசன் 5 5600க்கு டிஸ்ப்ளே கிடையாது, 5600ஜிக்கு உண்டு.

நேரில் போய் வாங்குவதை நான் இன்னும் விடவில்லை. மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றினால் ஒரே பாகத்துக்கு நாலு விலை கிடைக்கும். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிற ஆசையில் பில்லை விட்டால் வாரண்டிக்கு அலைவது நீங்கள்தான். பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் இன்னும் கவனம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், மைனிங் (கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிப்பது) தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு, இரவு பகலாக அதில் ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. சிப் நன்றாகவே இருக்கலாம், ஃபேனும், சிப்களின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும். அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டுவது சந்தோஷமான வேலை, பயப்பட ஒன்றுமில்லை. நான் எப்போதும் கேபினெட்டுக்கு வெளியே, போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து ப்ராசசர், கூலர், ரேம் மாட்டி, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தொடு தொட்டு டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்த்துவிடுவேன். எல்லாவற்றையும் உள்ளே முறுக்கிய பிறகு டிஸ்ப்ளே வராவிட்டால் அந்த ராத்திரி தூக்கம் போச்சு. நாலு ஸ்லாட் போர்டில் ரேம் இரண்டு என்றால் ப்ராசசர் பக்கமிருந்து இரண்டாவதும் நாலாவதும். கூலர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். போர்டின் மேல் மூலையில் போகும் 8 பின் பவர் ஒயரை போர்டை முறுக்குவதற்கு முன்பே அந்த இடுக்கு வழியாக இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கை நுழையாது. முன்பக்கத்துச் சின்ன ஒயர்களில் எல்இடிக்கு மட்டும்தான் ப்ளஸ், மைனஸ் உண்டு. சுவிட்சை எப்படிச் செருகினாலும் வேலை செய்யும்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கனெக்டர் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க்கும் போகும், அதில் இருக்கும் கல்யாண போட்டோக்களும் போகும்.

புதுத் தலைமுறை ரேமான டிடிஆர்5 போடும் போர்டில் முதல் தடவை ஆன் பண்ணினால் பல நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, ஆஃப் பண்ணாமல் டீ குடித்துவிட்டு வாருங்கள். டிஸ்ப்ளே வந்ததும் பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் பண்ணுங்கள். நீங்கள் காசு கொடுத்த ரேம் வேகம் பல ஸ்டிக்குகளில் அதுவரை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது புதுசாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் பார்த்திருப்பீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மெமரி கம்பெனியான மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் தன் க்ரூசியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. இந்த நேரத்தில், கையில் முந்தைய தலைமுறையான நல்ல டிடிஆர்4 ரேம் இருக்கிறவர்கள் முழு மெஷினையும் ஏன் தூக்கிப் போட வேண்டும்? ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பி450 போர்டும் ரைசன் 5 2600 ப்ராசசரும் இருக்கின்றன. அதே போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்தால் எட்டு கோர் ரைசன் 7 5700எக்ஸ் உட்காரும். இரண்டுமே 65 வாட் ரகம். ஆனால் 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது, அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போட வேண்டும். அவர் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார். நான் அந்த போர்டுக்கு எந்த பயாஸ் வெர்ஷன் வேண்டும் என்று பார்த்து, பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன்.