கையெழுத்துப் போட்டது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடந்தது என்று நம் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது, அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. மூன்று புங்கை, ஒரு வேம்பு, பள்ளிக்கூட முக்கில் நின்ற தூங்குமூஞ்சி. வடிகால் வேலைக்கென்று ஐந்து மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பதினொரு மணிக்கெல்லாம் லாரி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார்?

இதைக் கேட்டதற்குத்தான் நேற்று ஒருவர் என்னை வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் நன்றாகத் தெரிந்தவர், அவர் வீட்டுப் பத்திரமெல்லாம் என் கடையில்தான் நகல் எடுத்தார். கடையில் கூட்டம் இல்லை போலிருக்கிறது, அதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. சரி, நிதானமாகவே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். பொறியியல் பிரிவில், அது வடிகால் ஒப்பந்ததாரர் செய்தது, எங்களுக்குத் தகவல் இல்லை என்றார்கள். வேலை நடக்கிற இடத்துக்கு வந்து மேஸ்திரியைக் கேட்டேன். மார்க் பண்ணிக் கொடுத்தார்கள், வெட்டினோம் என்றார். யார் மார்க் பண்ணியது? ஆபீஸிலிருந்து. எந்த ஆபீஸ்? அது தெரியாதுங்க சார். கவுன்சிலர் போனை எடுத்துப் பேசினார், மறைக்கவில்லை, தனக்கே வீடியோவைப் பார்த்துத்தான் தெரியும் என்றார். மின்வாரியத்தில் கேட்டால், நாங்கள் கம்பியில் உரசுகிற கிளையைக் கழிப்போம், அடிமரத்தைத் தொடமாட்டோம் என்கிறார்கள். ஐந்து மரம் விழுந்திருக்கிறது, வெட்டச் சொன்ன ஆள் மட்டும் இல்லை.

பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரின் காகிதம் எல்லாம் என் மிஷினைத் தாண்டித்தான் போகும். ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் ரேஷன் கார்டு, ஆதார், டிசி, அப்பாவின் சான்றிதழ் என்று கட்டுக் கட்டாக நகல் எடுக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு வருகிற பெண்கள், புருஷன் செத்துப் பத்து நாள்கூட ஆகாத பெண்கள், ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுப்பா என்று மறுபடி மறுபடி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதியோர் பென்ஷனுக்கு ஒரு பாட்டி நான்கு தடவை வந்தார். நம்மிடம் இத்தனை காகிதம் கேட்கிறவர்களிடம், நாற்பது வருட மரத்தை வெட்டியதற்கு ஒரே ஒரு காகிதம் காட்டச் சொல்கிறேன். இதில் என்ன தவறு?

காகிதம் இருக்கத்தான் வேண்டும். சாலையோரத்தில், அரசு நிலத்தில் நிற்கிற மரத்தை ஒப்பந்ததாரர் நினைத்தால் வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது, அங்கே அனுமதி வாங்க வேண்டும். மரத்துக்கு வனத்துறையிடம் மதிப்புப் போட்டு வாங்கி, ஏலம் விட்டு, பணத்தை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். ஏலம் எப்போது நடந்தது, எத்தனை ரூபாய்க்குப் போனது? அந்தத் தூங்குமூஞ்சியின் அடிமரத்தை இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அது எந்த மரக்கடைக்குப் போனது? ஊர்ப் பொதுச்சொத்து அது. என் வீட்டு மரத்தையா நான் கேட்கிறேன்?

வடிகால் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். யாருக்கும் முன்னால் எனக்கு வேண்டும். ஐப்பசி வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், மூன்று வருடத்துக்கு முன் என் கடைக்குள்ளேயே புகுந்து ஏழு பண்டல் பேப்பர் ஊறிப்போனது. வடிகால் கேட்டு மனு எழுதிய ஆட்களில் நானும் ஒருவன், அந்த மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதே வடிகால், நான்கு கடை தள்ளி ஒரு பெரிய வீட்டின் படிக்கட்டுக்காக இரண்டு அடி வளைந்து போகிறதே, போய்ப் பாருங்கள். ரோட்டுக்கு நீட்டிக் கட்டிய படிக்கட்டுக்கு வளைகிற கான்கிரீட், மரத்துக்கு வளையாதா? வரைபடம் போடும்போதே ஒரு கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

விழுந்துவிடும், பழைய மரம் என்கிறார்கள். விழும் என்று பரிசோதித்துச் சொன்ன ஆள் யார்? அதற்கும் காகிதம் இல்லை. நன்றாக நிற்கிற மரத்தைச் சுற்றி அடி வரைக்கும் கான்கிரீட் போட்டு, கேபிளுக்குத் தோண்டி வேரை அறுத்துவிட்டு, அப்புறம் மரம் ஆடுகிறது என்றால் அது மரத்தின் குற்றமா? 2016 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோதும் இதைத்தான் பேசினோம். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுங்கள் என்று சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே சொல்லிவிட்டது. எங்கள் வேம்புக்கு ஒரு சாண் மண்கூட விடவில்லை.

அந்த வேம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை மறைக்க எனக்கு மனம் இல்லை. அறுக்கும்போது நடுவில் ரம்பம் கிரீச் என்று நின்றுவிட்டது. உள்ளே ஆணி. விளம்பரத் தட்டிகளுக்கு அடித்தது, பட்டை வளர்ந்து மூடிவிட்டது. அறுத்த முகத்தில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கட்டை கறுத்துப்போயிருந்தது. அதில் ஒன்று நான் அடித்த ஆணி. கடை திறந்த புதிதில் போர்டு மாட்ட அடித்தேன், இரண்டு வருடம் கழித்துப் போர்டைக் கழற்றினேன், ஆணி வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். நீயும்தானே அடித்தாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆமாம், அடித்தேன். தப்புதான். என் தப்பை என் பெயர் போட்டுப் பொதுவில் எழுதிவிட்டேன். ஐந்து மரத்துக்குக் காரணமானவரும் தன் பெயரைச் சொல்லட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

பத்துக் கன்று வைப்போம் என்கிறார்கள். ஒரு மரத்துக்குப் பத்து, ஆக ஐம்பது. சென்ற முறை தாலுகா ஆபீஸ் முன்னால் வெட்டியதற்கு பைபாஸ் ஓரம் வைத்த கன்றுகளை ஞாயிறு மாலையே போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கூண்டு நிற்கிறது. நிறையக் கூண்டுக்குள் காய்ந்த குச்சி, சிலதில் அதுவும் இல்லை, பார்த்தீனியம் முளைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்று எந்தக் கூண்டிலும் எழுதவில்லை, உபயதாரர் பெயர் மட்டும் பெயிண்டில் பளிச்சென்று இருக்கிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தப்போவதாக 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள், அப்போது 23.7 சதவீதம் என்றார்கள். நல்ல திட்டம், நானும் சந்தோஷப்பட்டேன். நட்டதை எண்ணுகிறார்கள். வெட்டியதை எங்கே எண்ணுகிறார்கள்?

அக்கா மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். வீடியோவைப் பார்த்துவிட்டு ஷெஃபீல்டு என்ற நகரத்தைப் பற்றி அனுப்பினான். அங்கேயும் மாநகராட்சி சாலைப் பராமரிப்பை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, ஆயிரக்கணக்கில் தெரு மரங்களை வெட்டியிருக்கிறது. 2016 நவம்பரில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே போலீஸோடு வந்து வெட்டினார்கள், தடுத்த வயதான பெண்களைக் கைது செய்தார்கள். ஜனங்கள் விடவில்லை. கடைசியில் தனி விசாரணை நடந்து, 2023ல் மாநகராட்சி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டிலும் மதுரா பக்கம் ஒரு தனியார் நிலத்தில் அனுமதியில்லாமல் 454 மரங்களை வெட்டியதற்கு, மரத்துக்கு ஒரு லட்சம் அபராதம் என்று 2025ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடகத்தில் 1976லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம் மலைப்பகுதி மரங்களுக்கு 1955லிருந்து சட்டம் இருக்கிறது, அது எங்கள் தெரு வரைக்கும் இறங்கி வரவில்லை.

இதெல்லாம் அரசியல் என்கிறீர்கள். எந்தக் கட்சிக்கும் நான் கொடி பிடித்ததில்லை. 2016லிருந்து ஐந்து வருடத்துக்கும் மேல் நகராட்சியில் கவுன்சிலரே இல்லாமல் இருந்தது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். 2022 பிப்ரவரி 19 அன்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டேன். இனிமேல் நம் வார்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார், கேட்க இடம் இருக்கிறது என்று அம்மா சொன்னது. அந்த ஆளுக்கே வீடியோவில்தான் தெரிகிறது என்றால் நான் எங்கே போய்க் கேட்பது? வார்டு மக்கள் கூடிப் பேச ஏரியா சபை என்று வைத்தார்களே, அதில் ஒருநாள் இந்த மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா?

அம்மா இப்போது இல்லை. டயாலிசிஸுக்கு வண்டி வரும்வரை அந்த நடுப் புங்கையின் அடியில்தான் நாற்காலியை நிறுத்துவேன். சித்திரை வெயிலிலும் அங்கே இளம்பச்சையாகத் தளிர் விட்டிருக்கும், பூ உதிர்ந்து அம்மாவின் மடியெல்லாம் கிடக்கும். அதைத் தட்டிவிடாது. வண்டியில் ஏறும்போதும் அப்படியே இருக்கும். இதையெல்லாம் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். மரத்தைப் பிடித்துத் தொங்குகிறார் என்று எழுதினீர்களே, அந்த மரம் இதுதான் அண்ணே.

அந்த மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்கா இப்போது ரேஷன் கடைச் சுவரோரம் நிற்கிறார். கரிப்பெட்டிச் சூடு ஒருபக்கம், தலைக்கு மேல் வெயில் ஒருபக்கம். குடையை வண்டியில் கட்டிப் பார்த்தார், காற்றில் சாய்கிறது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை இப்போது வேலை செய்வதில்லை, அந்த வருமானம் போயிற்று. அவரிடமும் யாரும் கேட்கவில்லை. பதிவு போட்டால் மரம் திரும்ப வருமா என்று கேட்டவர் அவரிடம் போய்க் கேளுங்கள்.

இன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்துவிட்டேன். ஐந்து மரத்தையும் வெட்ட அனுமதித்த உத்தரவின் நகல், கையொப்பமிட்ட அலுவலரின் பெயர், பதவி, ஏல விவரம். 30 நாளில் பதில் தர வேண்டும். சீல் வைத்துத் தேதி போட்டு வாங்கியிருக்கிறேன். ஆட்சியருக்குத் தனியாக ஒரு மனு தயாராக இருக்கிறது, தெருக்காரர்கள் எல்லோருடைய பெயரோடும் போக வேண்டும் என்று நினைக்கிறேன். நாளை மாலை ஆறு மணியிலிருந்து கடையில் இருப்பேன், வந்து படித்துப் பார்த்துவிட்டு, சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள். நகல் வேண்டுவோருக்குக் காசு வேண்டாம். வேம்பு நின்ற இடத்தில் குழியை இன்னும் மூடவில்லை, தெருவிளக்கும் எரியவில்லை, பிள்ளைகளோடு வருகிறவர்கள் எதிர்ப்பக்கமாக வாருங்கள்.