மின்கம்ப விபத்தும் விசாரணை அறிக்கையும்

மின்வாரிய ஊழியர் ஒருவர் கம்பத்தில் மின்சாரம் தாக்கி இறந்தார் என்று செய்தி வந்தால், பெரும்பாலும் கூடவே இன்னொரு வரியும் வந்துவிடுகிறது: கையுறை அணியாமல் வேலை பார்த்திருக்கிறார். மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லை என்பதால் அதுவே விபத்தின் காரணமாக நிலைத்துவிடுகிறது. இந்தப் பழக்கம் அரசு நிறுவனங்களுக்கு வசதியானது, ஊழியர்களுக்கு ஆபத்தானது என்பது என் கருத்து.

11,000 வோல்ட் பாதையில் கையுறை கடைசித் தற்காப்பு மட்டுமே. அந்த அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் கையுறை மிகத் தடிமனானது. அதை மாட்டிக்கொண்டு கம்பத்தின் உச்சியில் ஒரு சின்ன நட்டைத் திருகுவதே பெரும்பாடு. உண்மையில் உயிரைக் காப்பவை 'எல்.சி.' எனப்படும் லைன் கிளியர் நடைமுறையும், கம்பியில் வரும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கிவிடும் எர்த் ராடும்தான். துணை மின்நிலையத்தில் இருப்பவர் வேலை நடக்கும் ஃபீடரின் (அங்கிருந்து கிளம்பும் மின்பாதையின்) பிரேக்கரை நிறுத்தி, நேரத்தைப் பதிவேட்டில் எழுதி எல்.சி. கொடுக்க வேண்டும்; களத்தில் இருப்பவர் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் செய்ய வேண்டும்; எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பித் தந்த பிறகுதான் மீண்டும் மின்சாரம் விட வேண்டும். ஃபீடரையே நிறுத்திவிட்டபின் எர்த் எதற்கு என்று கேட்கலாம். தெருவில் யாரோ ஒருவர் வீட்டை வெளி மின்பாதையிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஜெனரேட்டரை இணைத்திருந்தால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக நுழைந்து, மறுபுறம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியேறும்.

இவ்வளவையும் முறைப்படி செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் பிரிவு அலுவலகத்தில் இரண்டும் இருப்பதில்லை. ஒருவர் மேலே ஏறினால் கீழே நின்று கவனிக்க இன்னொருவர் இருக்க மாட்டார். 'கரண்ட் எப்போ வரும்' என்ற அழைப்புகள் மட்டும் ஓய்வதில்லை. (அழைப்பவர்களில் நாமும்தான் இருக்கிறோம்.) பள்ளம் தோண்டவும் கம்பம் நடவும் எடுக்கப்பட்ட கேங்மேன்களை மின்பாதை வேலைக்கு ஏற்றுகிறார்கள் என்பது தொழிற்சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, பிற மாவட்டங்களிலிருந்து ஊழியர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எந்தக் கம்பத்தில் இரண்டு ஃபீடர்கள் போகின்றன, எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது உள்ளூர் லைன்மேனுக்குத்தான் தெரியும்; வெளியூரிலிருந்து வந்தவருக்கு எர்த் ராடு ஒன்றே துணை.

விதிகளில் குறைவில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 2010-லேயே, கையுறை, இடுப்பு பெல்ட், ஹெல்மெட், எர்த் செய்யும் கருவி, மின்னழுத்தத்தைக் கண்டறியும் கருவி என்று வரிசைப்படுத்தி, அவற்றை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்றன. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி மின் விபத்துகளை மின் ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் மின் ஆய்வுத் துறையும் எரிசக்தித் துறையின் கீழ்தான் இருக்கிறது, மின் விநியோக நிறுவனமும் அதன் கீழ்தான் இருக்கிறது. ஆய்வாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று ஓர் அறிக்கை எழுதப்பட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் அதே துறைதான் என்கிறேன். தனியார் தொழிற்சாலையில் மரணம் நேர்ந்தால் விசாரிக்க வருபவர் அந்த முதலாளிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் இந்த இடைவெளி காணாமல் போகிறது. பணியிடப் பாதுகாப்புக்கென்று 2020-இல் இயற்றப்பட்ட சட்டத் தொகுப்பே மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தவிர்த்து, விலக்கு அளித்திருக்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே உயிரிழப்பு விசாரணையை எரிசக்தித் துறைக்கு வெளியே, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் போன்ற ஓர் அமைப்பின் பங்கேற்போடு நடத்த வேண்டும், எல்.சி. பதிவேட்டின் அன்றைய பக்கமும், அந்தப் பிரிவின் காலிப் பணியிட விவரமும் அறிக்கையில் இணைக்கப்பட வேண்டும். இது அரசு மனம் வைத்தால்தான் நடக்கும். அதற்கு முன்பே நிறுவனம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தவறான ஃபீடருக்கு எல்.சி. கொடுத்து, கம்பத்தில் ஏறுமுன் கண்டுபிடித்துத் தப்பிய சம்பவத்தை எழுத்தில் தெரிவித்தால் மெமோதான் வரும் என்று ஊழியர்கள் அஞ்சும் இடத்தில், யாரும் எதையும் எழுத மாட்டார்கள். எழுதிக் கொடுப்பவர் மீது நடவடிக்கை இல்லை என்று தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.