அண்ணாச்சி பந்தியில் கேட்ட கேள்விக்கு

தக்கலை கல்யாண வீட்டுப் பந்தியில் வக்கீலாக இருக்கும் என் மகளிடம் கேட்கப்பட்ட கேள்வி இந்நேரம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கேட்டது யார், எந்தக் கேஸைப் பற்றி என்பதும் தெரியும். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது, அதனால் விவரத்துக்குள் நான் போகவில்லை. பேரும் எழுதவில்லை. "விட்டுத் தள்ளு, கல்யாண வீட்டில் ஆயிரம் பேசுவார்கள்" என்று மூன்று பேர் போனில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் விட்டுத் தள்ளிப் பார்த்தேன், முடியவில்லை.

அடப்பிரதமன் பாயசம் விளம்பிக்கொண்டிருந்த நேரம். அண்ணாச்சி அவளுக்கு நேர் எதிர் வரிசையில் இருந்தார். "ஏம்மக்ளே, அந்தப் பயலுக்காவ நீ கோர்ட்டுல நிக்கியாமே? உனக்கு எப்படி சோறு எறங்குது?" என்றார். மெதுவாகக் கேட்கவில்லை, பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் பழத்தை உரித்துப் பிரதமனில் பிசையப் போனவள், கை அப்படியே நின்றுவிட்டது. பிரதமன் இலை ஓரத்துக்கு ஓடி, தாளில் இறங்கி, அவள் சேலையில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டாள். விளம்புகிறவர் வாளியோடு நின்று, "மோர் வரல்லியே மக்ளே" என்றார் பாவம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு இதில் தாங்க முடியாதது ஒன்று உண்டு. "தி பிராக்டிஸ்" என்ற அமெரிக்கத் தொடரை எனக்குப் பென்டிரைவில் போட்டுத் தந்ததே இந்த அண்ணாச்சிதான். "கோர்ட்டுன்னா என்னன்னு தெரியணுமா, இதப் பாரு" என்று சொல்லித் தந்தார். 1997-இல் தொடங்கி 2004 வரை எட்டு சீசன் ஓடிய தொடர். எழுதி உருவாக்கிய டேவிட் ஈ. கெல்லி, பாஸ்டனில் வக்கீலாக இருந்துவிட்டு எழுத்துக்கு வந்தவர். கதையும் பாஸ்டனில்தான் நடக்கிறது. பாபி டானல் என்பவரின் சின்ன வக்கீல் ஆபீஸ். போதைமருந்து விற்றவன், கொலை செய்தவன் என்று மற்றவர்கள் தொடத் தயங்கும் கேஸெல்லாம் அங்கேதான் வரும். வாதாட வேறு வழியே இல்லையென்றால் "பிளான் பி" என்று ஒன்று வைத்திருப்பார்கள். குற்றத்தை இன்னொருவர் செய்திருக்கலாம் என்று அவர் பக்கம் கையைக் காட்டி, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவான ஜூரியின் மனதில் சந்தேகத்தை உண்டாக்குவது. அதைச் செய்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அண்ணாச்சி எத்தனை சாயங்காலம் என்னிடம் சிலாகித்துப் பேசியிருப்பார்! "என்னா மனுசனுவ!" என்பார். பாஸ்டன்காரன் நின்றால் மனுசன், பத்மநாபபுரம் கோர்ட்டில் நம் வீட்டுப் பிள்ளை நின்றால் சோறு இறங்கக் கூடாதா?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆஜராவது வேறு, ஆதரிப்பது வேறு. அந்தப் பையனுக்கு வக்கீல் வைக்க யாரும் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவளை நியமித்தது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தன் விருப்பப்படி ஒரு வக்கீலை வைத்து வழக்காடும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு எல்லோருக்கும் தருகிறது. நல்லவனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. மும்பையில் அத்தனை பேரைக் கொன்ற கசாப்புக்குக்கூட வக்கீல் நியமித்துத்தான் விசாரித்தார்கள். அதன் பிறகுதான் 2012-இல் தண்டனை நிறைவேறியது.

"தெரிந்தே குற்றவாளியைக் காப்பாற்றலாமா?" என்று கேட்பீர்கள். தெரிந்தே என்றால் யாருக்குத் தெரியும்? கேஸ் இன்னும் சாட்சிக்குக்கூட வரவில்லை. சாயாக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்பதற்காகக் கோர்ட்டைப் பூட்டிவிட முடியுமா?

"பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கலாமே?" என்று என் தங்கையே கேட்டாள். அவர்கள் பக்கம் நிற்க அரசு வக்கீல் இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, ஊரே இருக்கிறது. இவன் பக்கம் என் மகள் ஒருத்திதான். இதே மகள் போன வருஷம் அடிபட்ட இரண்டு பெண்களுக்காக இதே கோர்ட்டில் நின்றாள். அப்போது எந்தப் பந்தியிலும் யாரும் அவளைப் பாராட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சுலபமில்லை, ஒத்துக்கொள்கிறேன். வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்த பிறகு, அவன்தான் செய்தான் என்று தெரியவந்தால்? அந்தத் தொடரே இதை மறைக்கவில்லை. ஜார்ஜ் வோகல்மன் என்ற ஒருவரை அந்த ஆபீஸ் கொலைக் கேஸிலிருந்து மீட்கிறது. கடைசியில் அவன்தான் கொலைகாரன், அந்த ஆபீஸில் ஒரு பெண்ணையே கத்தியால் குத்தியவனும் அவன்தான் என்று வருகிறது. அதைப் பார்த்த ராத்திரி நானும் தூங்கவில்லை. என் மகளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்து வக்கீலே வேண்டாம் என்றால், பொய்க் கேஸில் மாட்டினவன் எங்கே போவான்?

என் அப்பா பத்மநாபபுரம் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தா. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் வக்கீல் ஒரு கொலைக் கேஸ் எடுத்தார். ஊருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பால் தரும் அக்கா நிறுத்திவிட்டாள். பதினோரு நாள் கடுஞ்சாயாதான். கேஸ் எடுத்தது வக்கீல், பால் நின்றது குமாஸ்தா வீட்டில்! பிறகொரு நாள் விடியுமுன்னே வாசலில் ஆள் நிற்கிறது. அதே அக்கா. வேலித் தகராறில் அவள் மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னார், சட்டையை மாட்டினார், வக்காலத்துப் பாரத்தை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினார். அம்மா மட்டும் சாகும்வரை அந்த அக்காவோடு பேசவில்லை. எனக்கு அப்போது அம்மாமேல் கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். நாகர்கோவில் மணிமேடையில் சிலையாக நிற்கிறாரே கலைவாணர், அவர் யார்? நம் ஒழுகினசேரிக்காரர். 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். அன்றைக்கும் ஊர் வாயில் தீர்ப்பு வந்துவிட்டது. 1945-இல் அவரையும் தியாகராஜ பாகவதரையும் ஜூரி குற்றவாளி என்றது, ஆயுள் தண்டனை கிடைத்தது, உயர் நீதிமன்றத்து அப்பீலும் தோற்றது. அன்றைக்கு எல்லாக் கோர்ட்டுக்கும் மேலே இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அப்பீலை மறுபடி கேட்கச் சொல்லி உத்தரவு வாங்கி, 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள். இரண்டரை வருஷம் போல ஜெயிலில் கிடந்தார் அந்த மனுஷன். "கொலைகாரனுக்கு ஏன் நிற்கிறாய், சோறு இறங்குதா" என்று கேட்டு அன்றைக்கு வக்கீல்களை எழுப்பிவிட்டிருந்தால் இன்றைக்கு மணிமேடையில் யாருக்கு மாலை போடுவீர்கள்?

ஊர் மட்டுமில்லை, வக்கீல்களே இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு வழக்கில் சில போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. சங்கம் தீர்மானம் போட்டே செல்லவில்லை என்றால், பந்தியில் போட்ட தீர்மானம் எப்படிச் செல்லும்?

"நீ பெற்ற தாய், அதனால் பேசுகிறாய்" என்பீர்கள். ஆமாம், தாய்தான். வேறு யார் பேசினீர்கள்? அந்த வரிசையில் அவளுக்கு மாமா முறையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் "சரி அண்ணாச்சி, விடுங்க" என்றிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. வில்லுக்குறி தாண்டியது, சுங்கான்கடை தாண்டியது. சேலையில் பிரதமன் காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போதுதான், "அம்மா, நான் செய்யது தப்பாம்மா?" என்றாள். அந்தக் கேஸ் கட்டை ராத்திரி ஒரு மணி வரை வைத்துப் படிக்கிற பிள்ளை அது. இல்லை மக்ளே என்றேன். அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

அண்ணாச்சி, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பென்டிரைவ் என்னிடம்தான் இருக்கிறது. ஏழாவது சீசன் பாதியில் நிற்கிறது, அதற்குமேல் பார்க்க மனசு வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பந்தியில் கேட்டதை வீட்டில் வைத்து இன்னொரு தடவை அவளிடம் கேளுங்கள். இந்தத் தடவை அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் எழுந்து போகக் கூடாது.