ஆய்வுக்கூடத்து மாதிரி சொல்லாதவை
கிரேக்கத் தீவுகளுக்குச் சென்று கள உயிரியல் பயில்வதில் இயற்கைக் காட்சியைத் தவிரக் கூடுதல் பயன் இல்லை, ஆய்வுக்கூடத்து மாதிரிகளே போதும் என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கி.மு. 345 அளவில் அரிஸ்டாட்டில் லெஸ்வோஸ் தீவில் தங்கியிருந்தார்; இன்று கலோனி வளைகுடா எனப்படும் பிர்ரா நீர்ப்பகுதி, குளிர்காலத்தில் வெளிக்கடலைவிடக் குளிர்ந்துவிடுவதால் உளுவை தவிர மற்ற மீன்கள் வெளியேறி, வசந்தத்தில் திரும்புகின்றன என்றும், அங்கிருந்த ஒருவகைச் சிப்பி ஒருமுறை அடிமணலை வாரும் கருவியாலும் வறட்சியாலும் அற்றுப்போனது என்றும் எழுதினார். பருவங்களும் மீன்பிடித்தொழிலும் சேர்ந்து சொல்லும் இத்தகைய செய்தியை எந்தக் கண்ணாடிக் குடுவை தரும்? அவர் மீனவர் சொன்னதையே எழுதினார் என்று அக்கட்டுரைக்குக் கருத்தெழுதிய ஒரு வாசகர் குறிப்பிட்டுள்ளார். மீனவரிடம் கேட்டறிவதும் களப்பணியின் இன்றியமையாத பகுதியே என்பேன். ஒருவகைச் சுறாவின் குட்டி தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்திருக்கும் என்ற அரிஸ்டாட்டிலின் குறிப்பை நெடுங்காலம் பலர் ஐயுற்றனர். 1842-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் அதனை மெய்ப்பித்தார். மாணவப் பருவத்தில் அந்த வளைகுடாக் கரையில் இரண்டு வாரம் பயின்றேன். நான் அதுவரை பாடநூலில் படமாக மட்டுமே அறிந்திருந்த, ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ எனப்படும் கடல்முள்ளெலியின் ஐந்து பல் தாடை, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுவதை முழங்கால் அளவு நீரில் குனிந்து நெடுநேரம் பார்த்தபோதுதான் அவ்வுறுப்பின் அமைப்பு எனக்கு விளங்கியது.