என் புள்ளையோட மூளைக்கு லேபிள் ஒட்ட இவங்க யாரு?

எட்டாவது படிக்கிற பொண்ணு புக்க மூடி வச்சுட்டு "அம்மா, நான் விஷுவல் லேர்னர், படிச்சா எனக்கு ஏறாது, வீடியோ போட்டு குடு"ங்கறா, எனக்கு வயிறு எரியுதுங்க. ஸ்கூல்ல 'லேர்னிங் ஸ்டைல்'னு, அதாவது எந்த புள்ள பார்த்து கத்துக்கும், எது கேட்டு கத்துக்கும்னு பிரிக்க, என்னமோ டெஸ்ட் வச்சு கலர் கலரா ரிப்போர்ட் குடுத்தனுப்பி மூணு மாசம் ஆகுது, அன்னையிலேர்ந்து இதே பேச்சு. போன வருஷம் வரைக்கும் கதை புக்க கையிலேர்ந்து கீழ வைக்காத புள்ள இது!

அந்த கேள்வித்தாள வாங்கி பார்த்தேன். ஒருத்தருக்கு வழி சொல்லணும்னா வாயால சொல்லுவியா, மேப் போட்டு காட்டுவியான்னு ஒரு கேள்வி. இவளுக்கு வரைய பிடிக்கும், மேப்னு டிக் அடிச்சுட்டா. அவ்ளோதான். என்ன பிடிக்கும்னு அவகிட்டயே கேட்டு, அவ சொன்னதையே திருப்பி சொல்லி, உன் மூளையே இப்படித்தான்னு முடிச்சுட்டாங்க. பிடிக்கிறது வேற, மண்டையில ஏறுறது வேற, பாடம் நடத்துறவங்களுக்கு இதுகூடவா தெரியாது?

2008லயே ஹரோல்ட் பாஷ்லரும் இன்னும் 3 ஆய்வாளர்களும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் அலசிட்டு, அவங்கவங்க லேர்னிங் ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுத்தா புள்ளைங்க நல்லா கத்துக்கும்ங்கறதுக்கு போதுமான ஆதாரமே இல்லன்னு எழுதிட்டாங்க. இன்னும் இத நடத்திட்டு இருக்காங்களே!

ரிப்போர்ட்ட படிச்சப்ப அப்படியே நம்ம பொண்ணுதான்னு எனக்கும் தோணுச்சு, அதான் இதுல இருக்குற ஆபத்தே. 1948ல பெர்ட்ரம் ஃபோரர்ங்கறவர் 39 மாணவர்களுக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சு, ஜோசிய புக்லேர்ந்து எடுத்த வரிகள எல்லாருக்கும் ஒரே மாதிரி ரிசல்ட்டா குடுத்தாரு, அதுக்கு அவங்க சராசரியா 5க்கு 4.26 போட்டாங்க, தன்னை அவ்ளோ கரெக்டா சொல்லிருக்காம். பெரியவங்களே நம்பும்போது 13 வயசு புள்ள நம்பாம என்ன செய்யும்?

நேத்து ரத்த ஓட்டம் பாடம். படத்துல விரல் வச்சு பார்க்க வச்சேன், பத்திய சத்தமா வாசிக்க வச்சேன், அப்புறம் புக்க மூடிட்டு சொல்ல சொன்னேன். ரெண்டு தடவை திணறுனா. மூணாவது தடவை, வலது கீழறையிலேர்ந்து நுரையீரலுக்கு போய் இடது மேலறைக்கு திரும்பி வருதுன்னு தடுமாறாம சொன்னா. சொல்லிட்டு "ஆனா நான் விஷுவல் லேர்னராச்சேம்மா"ன்னு என் மூஞ்சிய பார்க்குறா, தப்பு பண்ணிட்ட மாதிரி. வர்ற மீட்டிங்ல அந்த ரிப்போர்ட்ட டீச்சர் முன்னாடி வச்சு கேக்கத்தான் போறேன்.